இலவம்பஞ்சும் இரண்டங்குலத் தையலும்

உடும்பஞ்சோலையில் ஆடிச் சாரல் இறங்கினால் கம்பளி ஒன்று போதாது என்பது வாசகர்கள் அறிந்ததே. அதனால் சென்ற ஆண்டு, போடியிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி வந்து என் துணைவியார் பஞ்சுப் போர்வை ஒன்று தைத்தார். பத்து அங்குலத்துக்கு ஒரு தையல் போதும், கட்டம் பெரிதாக இருந்தால் பார்வைக்கு அழகு என்று யோசனை சொன்னவன் அடியேன். மழை ஓய்வதற்குள் பஞ்செல்லாம் மூலைக்கு மூலை உருண்டு, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சியது.

இலவ இழை உள்ளே வெற்றுக் குழல். மேலே மெழுகுப் பூச்சு. ஆகவே லேசானது, நீரில் மிதக்கும். மிதவைச் சட்டைகளில் அதை அடைத்ததும் இதனால்தான். ஆனால் வழுக்கும், இழையோடு இழை பின்னாது. பருத்தியோ வில்லால் அடித்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எனவே இலவத்துக்கு இரண்டங்குல இடைவெளி, பருத்திக்கு மூன்று நான்கு என்பது இப்போது என் கணக்கு. இழைகள் ஒட்டித் தாளாக வரும் பாலியஸ்டர் ஆறு அங்குலமும் தாங்கும். கிலோமீட்டருக்கு 1,660 சிலீப்பர் என்று எண்ணி வேலை பார்த்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா!

அதற்காக அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கியும் தைக்கக்கூடாது. சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் சிக்கிய காற்று. தையல் விழுந்த இடமெல்லாம் அது நசுங்கிப்போகும்.

இலவப் போர்வையைத் துவைக்காமல் வெயிலில் போட வேண்டும். ஆடியில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? சித்திரையிலேயே காய வைத்துவிடுங்கள்.

பழைய போர்வையைப் பிரித்து மறுபடி தைக்கிறார் துணைவியார். ஊசியில் நூல் கோப்பது என் பொறுப்பு.