குளோரினும் பெராக்சைடும்... கெமிஸ்ட்ரி ஒர்க்-அவுட் ஆகலையே பாஸ்!

டி.வி. டான்ஸ் ஷோ நடுவர்கள் அடிக்கடி விடுற டயலாக் உங்களுக்கு மனப்பாடமா தெரியும். ‘ரெண்டு பேருமே தனித்தனியா சூப்பர். ஆனா, சேர்ந்து ஆடும்போது கெமிஸ்ட்ரி மிஸ்ஸிங்!’ இதே கதை நிஜ கெமிஸ்ட்ரியிலயும் நடந்திருக்கு. அதுவும் ஒலிம்பிக்ஸ்ல, உலகமே பார்த்துக்கிட்டு இருக்கும்போது!

2016, ஆகஸ்ட் 9. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரம். மரியா லெங்க் நீச்சல் அரங்கத்தில் பெண்களுக்கான 10 மீட்டர் ஜோடி டைவிங் ஃபைனல். முந்தின நாள் வரை பளிச்னு நீலமா இருந்த குளம், அன்னிக்குப் பச்சைப் பசேல்! பக்கத்திலேயே வாட்டர்போலோ குளம் நீலமா இருந்ததால, வித்தியாசம் அப்பட்டமா தெரிஞ்சது. பிரிட்டிஷ் டைவர் டாம் டேலி போட்டோவை ட்விட்டர்ல போட்டு, ‘என்னாச்சுப்பா?’ங்கிற ரேஞ்சுக்குக் கேட்க, உலகம் பூரா அதே கேள்விதான். சீன ஜோடி அந்தப் பச்சைத் தண்ணியிலேயே குதிச்சுத் தங்கம் தட்டிட்டுப் போனது தனிக் கதை. அடுத்த நாள் வாட்டர்போலோ குளமும் நிறம் மாற ஆரம்பிச்சிடுச்சு.

‘வெயில் அதிகம், காத்து இல்லை, அதான் பாசி’னு முதல்ல சமாளிச்சாங்க அமைப்பாளர்கள். ‘தண்ணியைச் சுத்திகரிக்கிற கெமிக்கல்ல சிலது தீர்ந்து போச்சு’ன்னது சர்வதேச நீச்சல் சம்மேளனம். இதுக்கு நடுவுல ரியோ அமைப்புக் குழுவின் செய்தித் தொடர்பாளர் மரியோ ஆண்ட்ராடா, ‘கெமிஸ்ட்ரி ஒண்ணும் துல்லியமான அறிவியல் கிடையாது’னு ஒரு போடு போட்டார் பாருங்க... உலகத்துல உள்ள கெமிஸ்ட்ரி புரொஃபசர்கள் எல்லாம் கடுப்பாகிட்டாங்க!

கடைசியில பூனைக்குட்டி வெளியே வந்தது. தொடக்க விழா நடந்த ஆகஸ்ட் 5-ம் தேதியே, ஒரு கான்ட்ராக்டர் சுமார் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்துல ஊத்தியிருக்கார். அது ஏற்கெனவே இருந்த குளோரினைக் காலி பண்ண, காவல்காரன் இல்லாத வீட்டுல பாசி ஜாலியா குடியேறிடுச்சு!

ரெண்டு நல்லவங்க, ஒரு மோதல்!

ஹைட்ரஜன் பெராக்சைடு கெட்ட பொருளா? சத்தியமா இல்லை. சில நீச்சல் குளங்கள்ல குளோரினுக்குப் பதிலா அதைத்தான் பயன்படுத்துறாங்க. குளோரினும் நல்ல கிருமிநாசினி. ஆனா, ரெண்டையும் ஒரே தண்ணியில விட்டா, கிருமியை விட்டுட்டு ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். மிஞ்சுறது குளோரைடும் தண்ணியும் ஆக்சிஜன் குமிழியும்தான்.

‘இவ்ளோ பெரிய குளத்துல 80 லிட்டர் எல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே?’னு கேட்பீங்க. ப்ளஸ் டூ மோல் கணக்கைத் தூசி தட்டுங்க. 34 கிராம் பெராக்சைடு, 71 கிராம் குளோரினைத் தீர்த்துடும். குளத்துல குளோரின் இருக்கிறதே லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் அளவுக்குத்தான். அப்படின்னா, 37 லட்சம் லிட்டர் தண்ணிக்கு மொத்தமே ஏழரை கிலோவுக்குள்ள. அதைத் துடைச்சுப் போட சுமார் மூணரை கிலோ பெராக்சைடு போதும் பாஸ்!

அந்த 37 லட்சம் சும்மா எடுத்துவிட்ட நம்பர் இல்லை. நிறம் மாறின ரெண்டாவது குளத்துலதான் அடுத்து ஜோடி நீச்சல் நடன போட்டி. தண்ணிக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பார்த்து ஆடணும். கலங்கின தண்ணியில எப்படி முடியும்? அதனால, அந்த 37 லட்சம் லிட்டரையும் வெளியேத்திட்டு, பக்கத்துல இருந்த பயிற்சிக் குளத்தோட தண்ணியை ராத்திரியோட ராத்திரியா பம்ப் பண்ணினாங்க. அதுக்கு முன்னாடி, பாசியை விரட்ட குளோரினை ஏத்தினதுல வாட்டர்போலோ வீரர்களுக்குக் கண் எரிச்சல் வேற!

அளவு மட்டும் போதாது!

குளோரின் தண்ணியில கலந்தா ரெண்டு அவதாரம் எடுக்கும். ஒண்ணு, ஹைப்போகுளோரஸ் அமிலம். ஆக்‌ஷன் ஹீரோ! இன்னொண்ணு, ஹைப்போகுளோரைட் அயனி. சைடு ஆக்டர். யாருக்கு எவ்ளோ ரோல்னு முடிவு பண்ற டைரக்டர், பி.ஹெச். அது 7.5 இருந்தா ஆளுக்குப் பாதி. 8-க்கு ஏறினா ஹீரோ கால்வாசியா சுருங்கிடுவார். அதனாலதான் 7.2-ல இருந்து 7.8-க்குள்ள வைக்கச் சொல்றாங்க. பி.ஹெச்சைக் கவனிக்காம குளோரினை மட்டும் கொட்டுறது, ஓட்டைப் பானையில தண்ணி பிடிக்கிற வேலை.

வீட்டுக் குளமோ, ரிசார்ட் குளமோ... பச்சையாயிடுச்சா? முதல்ல டெஸ்ட் கிட் வச்சு பி.ஹெச். பார்த்து 7.2 பக்கத்துல கொண்டு வரணும். சுவரையும் தரையையும் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். ஒட்டிக்கிட்டு இருக்கிற பாசிக்குள்ள குளோரின் லேசுல இறங்காது. அப்புறம் குளோரினை 10 பி.பி.எம். அளவுக்கு ஏத்தணும். இதுக்குப் பேர்தான் ‘ஷாக்’ ட்ரீட்மென்ட். வெயில் பட்டா குளோரின் சில மணி நேரத்துல ஆவுட். அதனால சாயங்காலம் போடுறதுதான் புத்திசாலித்தனம். ஃபில்டர் ராத்திரி முழுக்க ஓடணும். செத்த பாசியை அள்ளுறது அதுதான். குளோரின் மறுபடி 3 பி.பி.எம். பக்கம் இறங்கினப்புறம்தான் குளத்துல கால் வைக்கணும்.

இன்னொரு சந்தேகம். குளத்துல மூக்கைத் துளைக்கிற வாடை வந்தா, குளோரின் ஜாஸ்தின்னுதானே நினைப்பீங்க? வியர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து உருவாக்குற குளோரமைன் வாடை அது. கண்ணு சிவக்கிறதுக்கும் பெரும்பாலும் அதான் காரணம். ஷவர்ல குளிச்சுட்டு இறங்குங்கன்னு போர்டு வைக்கிறது சும்மா இல்லை மக்களே!

ஒரு நிமிஷம்... இது உங்க உயிர் மேட்டர்!

ரியோவுல போனது மானம்தான். ஆனா, தப்பான ஜோடி சேர்ந்தா உயிரே போகலாம்.

* ஹாஸ்டல் பாத்ரூம் கழுவும்போது ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊத்தவே ஊத்தாதீங்க. வர்றது குளோரின் வாயு. முதல் உலகப் போர்ல ஆயுதமா பயன்பட்ட அதே வாயு!

* அப்படி நெடி கிளம்பிட்டா, வீரம் காட்டாம வெளியே ஓடுங்க. காத்தோட்டமான இடம்தான் முதல் மருந்து. மூச்சுத் திணறினா உடனே ஆஸ்பத்திரி.

* குளத்துக்குப் போடுற குளோரின்லயே பல வகை இருக்கு. ஒரு வகைக்குப் பயன்படுத்தின பக்கெட்டுல இன்னொண்ணைக் கொட்டக் கூடாது. தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

* பவுடரைத்தான் தண்ணியில போடணும். பவுடர் மேல தண்ணியை ஊத்தக் கூடாது.

* குளம் பராமரிக்கிற அண்ணன் கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மேனேஜர்கிட்ட கேளுங்க. நாம ஒரு மணி நேரம் நீந்துறோம். அவர் தினமும் அந்த டப்பாவைத் திறக்கிறார்.

அடுத்த தடவை லேப்ல ‘இதையும் அதையும் கலந்தா என்னாகும்?’னு கை பரபரத்தா, அந்தப் பச்சைக் குளத்தை நினைச்சுக்கோங்க. லேபிளை ஒரு தடவை படிச்சிடுங்க பாஸ்!