வீட்டில் விஷம் இருந்தால் பூட்டும் இருக்கட்டும்



துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் எடுத்த ஒருவர் அதை அடுப்படி மூலையில் சாத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போவாரா? போகமாட்டார். அப்படிப் போனால் ஊரே அவரைத் திட்டும்.

ஆனால் புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் குளியலறை மூலையில் நிற்கிறது. எலி மருந்து அரிசித் தோங்குக்குப் பின்னால் கிடக்கிறது. பால் கட்டுகிற ஆசிட் கோழிக்கூண்டு மேலே இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. துப்பாக்கி எடுக்கிற உயிரை இவையும் எடுக்கும். துப்பாக்கிக்கு இருக்கிற பயம் போத்தலுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேரிலேயே கோளாறு இருக்கிறது. பிள்ளைக்கு இருமலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மருந்து என்றால் அம்மா வாயில் ஊற்றுகிற சாமான். இன்றிலிருந்து வீட்டில் அதை ‘விஷம்’ என்றே சொல்லுங்கள். லேபலில் ‘ராச்சூன்’ என்று மலாயில் போட்டிருப்பதும் அதே விஷம்தான்.

எது எது பூட்டுக்குள் போக வேண்டும்?

களைக்கொல்லி முதலில். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பழைய ஆட்கள் நன்றாக அறிவார்கள். அது வயிற்றுக்குள் போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும். அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் 2002இல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. அதன் பிறகும் எங்காவது பழைய போத்தல் ஒளிந்து கிடந்தால் கால்வாயில் ஊற்றாதீர்கள், புதைக்காதீர்கள். விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படையுங்கள்.

இப்போது அடிக்கிற குளூபோசினேட், கிளைபோசேட் இரண்டும் பாராகுவாட் அளவுக்குக் கொடியவை இல்லை. அதற்காக அவை தண்ணீர் ஆகிவிடாது. குளூபோசினேட் குடித்தவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள், வலிப்பு வரும், நினைவு தப்பும், மூச்சு நிற்கும். ‘ஒன்னும் ஆகலியே’ என்று வீட்டில் வைத்துப் பார்த்தால் போச்சு.

அடுத்தது எலி விஷம். மெழுகுக் கட்டி மாதிரி, நிறம் போட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய் போலவே தெரியும். பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறில், சிறுநீரில் இரத்தம் வரும்.

சொந்தமாக இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர் வீட்டில் பார்மிக் ஆசிட் இருக்கும். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். வாயில் பட்டால் தொண்டையையும் குடலையும் வெந்துபோகச் செய்யும்.

இவற்றோடு பூச்சிக்கொல்லி, மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் திராவகம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

பெட்டி வாங்குவதற்கு முன், ‘இந்த விஷம் என் வீட்டுக்கு ஏன் வந்தது?’ என்று கேளுங்கள். தோட்டத்து விஷம் தோட்டத்து ஸ்டோரில் இருக்க வேண்டியது. மீதியை மண்டோரிடம் திருப்பிக் கொடுங்கள். ‘வீட்டுப் பின்னாடி புல்லு கெடக்கு, கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போறேன்’ என்று குடிநீர்ப் போத்தலில் வாங்கி வருவதுதான் பாதி ஆபத்துக்குக் காரணம். பின்கட்டுப் புல்லுக்கு ஒரு கத்தி போதும், தம்பி.

சொந்த நிலம் இருக்கிறது, வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பெரிய தோங் மலிவு என்று வாங்கி வருடம் முழுக்க வைத்திருப்பது மலிவு இல்லை.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

1. தகடு இரும்பு அல்லது கெட்டி பிளாஸ்டிக் பெட்டி நல்லது. பலகைப் பெட்டி வேண்டாம். சிந்தியது பலகையில் ஊறிவிடும், பிறகு கழுவினாலும் போகாது.

2. போத்தல் நிமிர்ந்து நிற்கிற உயரம் வேண்டும். படுக்க வைத்தால் மூடி கசியும். கடைக்குப் போகும்போது உங்களிடம் இருக்கிற பெரிய போத்தலின் உயரத்தைக் கயிற்றில் அளந்து எடுத்துப் போங்கள்.

3. பெட்டியோடு தூக்கிப் போக முடியாதபடி உள்பக்கமிருந்து சுவருக்கோ தரைக்கோ போல்ட் அடியுங்கள். வெளியே தெரிகிற ஸ்குரூவை ஒரு பத்து வயதுப் பையன் கழற்றிவிடுவான். பூட்டு மாட்டுகிற கொண்டியையும் அப்படியே பாருங்கள். பூட்டு கனமாக இருந்து கொண்டி தகரமாக இருந்தால் அது பூட்டு இல்லை, அலங்காரம்.

4. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, கொஞ்சம் உலர்ந்த மணல் போடுங்கள். சிந்தினால் மணல் உறிஞ்சிக்கொள்ளும்.

5. ஆசிட்டைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அதன் ஆவி இரும்பை அரித்துவிடும். துணி வெளுக்கிற குளோரின் தண்ணீர் பக்கத்தில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நெஞ்சை அடைக்கிற விஷக் காற்று கிளம்பும்.

6. படுக்கிற அறை, அடுப்படி, சாமி மேடைக்குக் கீழே, இவை எதிலும் பெட்டி வேண்டாம். வீட்டுக்கு வெளியே, கூரை உள்ள இடத்தில், வெயிலும் மழையும் படாமல், கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி வையுங்கள். பரண் மேலே வைத்தால் பிள்ளைக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். நாற்காலி போட்டு ஏறுகிற பிள்ளையின் முகத்தில்தான் அது கவிழும்.

7. எதையும் அசல் போத்தலை விட்டு மாற்றாதீர்கள். சோடா போத்தல், சர்பத் போத்தல், மைலோ தகரம் எதுவும் ஆகாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது, ‘என்ன குடித்தார்?’ என்றுதான். லேபல் இருந்தால் பதில் இருக்கும்.

காலிப் போத்தலை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பு பம்பிலேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதோ, குளிக்கத் தண்ணீர் பிடிப்பதோ வேண்டவே வேண்டாம்.

சாவி எங்கே?

‘பூட்டிட்டேன் ஐயா’ என்பார்கள். சாவி எங்கே என்று கேட்டால், ‘அதோ, கதவுப் பக்கம் ஆணியிலே’ என்பார்கள். ஆணியில் தொங்கினால் பூட்டாத மாதிரிதான். சாவி ஒரு பெரியவர் மடியில் இருக்க வேண்டும். இன்னொரு சாவியும் வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவுக்காரரிடம் இருக்கட்டும். நம்பர் பூட்டு வாங்கினால், பிள்ளை பிறந்த வருடத்தை நம்பராக வைக்காதீர்கள். அதைப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள வீடுகளைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தோட்டாவை எடுத்துவிட்டு வைப்பது, துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டாவையும் பூட்டுவது, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது, இந்த நான்கு பழக்கத்தில் ஒவ்வொன்றும் உள்ள வீடுகளில் பிள்ளைகள் தம்மையோ பிறரையோ சுட்டுக்கொண்ட சம்பவம் குறைவாக இருந்தது. கைக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு படி கூடினால் உயிருக்கு ஒரு வாய்ப்பு கூடுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் இந்த நான்கையும் அப்படியே செய்யுங்கள்.

பெட்டி வாங்கினால் எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 50,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், பாதிக்குக் கொடுக்கவில்லை. 2017இல் முடிவு வெளிவந்தது. விஷம் குடித்தவர் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. அதற்கு முன்பு அந்த நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வில், பெட்டி கிடைத்த பிறகு வயலில் இருந்த விஷமும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தார்கள்.

அதே இலங்கையில் கொடிய விஷங்களை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே முதல் பூட்டு என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். இரும்புப் பெட்டி இரண்டாவது பூட்டு. சின்னப் பிள்ளையின் கையை அது தடுக்கும். சாவி வைத்திருக்கும் பெரியவர் மனம் உடைந்து போனால், அந்தப் பெட்டி அவரைத் தடுக்காது.

மனம் சரியில்லாத வீட்டில்

சண்டை, கடன், குடி, காதல் தோல்வி, பரீட்சையில் தவறியது. இவை எல்லா வீட்டிலும் வரும். அந்த நேரத்து வேகத்தில்தான் பலர் போத்தலைத் தேடுகிறார்கள். போத்தல் கைக்கு எட்டவில்லை என்றால் வேகம் தணிய நேரம் கிடைக்கிறது. பிழைத்து எழுந்த பலர் திரும்ப அதைச் செய்வதில்லை.

ஆகவே வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்று பேச ஆரம்பித்தால், பெட்டியை நம்பி உட்காராதீர்கள். அன்றைக்கே விஷத்தை வீட்டை விட்டு அகற்றுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். கிளினிக்குக் கூட்டி வாருங்கள். 15555 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் பேசலாம்.

இன்னொரு விஷயம். முன்பு தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்குப் போடச் சட்டம் இருந்தது. போலீசுக்குப் பயந்து, ‘வயிற்று வலி’ என்று சொல்லி மறைத்த குடும்பங்கள் உண்டு. குற்றவியல் சட்டத்தின் 309வது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது குற்றமில்லை. ஆகவே மறைக்காமல், தாமதிக்காமல், உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

யாராவது குடித்துவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும். நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும்.

வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். உடம்பில், துணியில் பட்டிருந்தால் துணியைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 999க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். போத்தலை மூடி, ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்து வாருங்கள். ஆள் நன்றாகப் பேசுகிறார் என்றாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

சம்பளம் போட்டதும் செய்ய வேண்டியது இதுதான். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, எங்கெங்கே என்னென்ன போத்தல் இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள். மீதி ஏதாவது இருந்தால் மட்டும் பெட்டி வாங்குங்கள். நல்ல பெட்டிக்கும் பூட்டுக்கும் கொஞ்சம் வெள்ளி செலவாகும்தான். போத்தலே இல்லாத வீட்டுக்கு அந்தச் செலவும் இல்லை.