மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: பம்பிக்குள் சிக்கும் வளியும் அதை வெளியேற்றும் வழியும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன வசனம் ஒன்று உண்டு: "மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை." 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் திரும்பிவிட்டது. நிலக்கீழ்த் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது. மோட்டரும் சத்தம் போடுகிறது. மேல் தாங்கி மட்டும் காலி.

வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்தவர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. மின்சாரம் இல்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு இறைத்தது மண்ணெண்ணெய் எஞ்சின்தான். பொருளாதாரத் தடையால் ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் கணக்கு இருந்தது. சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பிறகும் பம்பி தண்ணீரைப் பிடிக்காவிட்டால், எரிந்ததெல்லாம் வீண். அதனால்தான் கயிறு இழுக்கமுன் வாளியால் தண்ணீர் வார்த்து, குழாய் நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாளித் தண்ணீருக்குப் பின்னால் ஒரு பௌதிகவியல் இருக்கிறது.

நாம் பாவிக்கும் பம்பிகளில் பெரும்பாலானவை மையநீக்கப் பம்பிகள். உள்ளே ஒரு சில்லு வேகமாகச் சுழன்று தண்ணீரை வெளிப்புறமாக வீசும். வீசப்பட்ட தண்ணீர் விட்டுச்சென்ற இடத்தில் அமுக்கம் குறையும். அப்போது கீழே தாங்கியில் உள்ள தண்ணீரை வளிமண்டலம் மேலே தள்ளும். பம்பி தண்ணீரை "இழுப்பதில்லை". அது இடம் கொடுக்கிறது, வளிமண்டலம் தள்ளுகிறது.

உள்ளே தண்ணீருக்குப் பதில் வளி இருந்தால் என்ன ஆகும்? தண்ணீரை 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்றும் பம்பி, வளியையும் 30 மீற்றர் வளி நிரலுக்கு ஏற்ற அமுக்கத்தோடுதான் வீசும். வளியோ தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு இலேசானது. ஆகவே அந்த அமுக்கம் குழாயில் தண்ணீரை மூன்றரை, நான்கு சென்ரிமீற்றர்தான் உயர்த்தும். மோட்டர் எவ்வளவு பெரிதானாலும் கதை இதுதான்.

குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வ், உள்ளே ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்து வைக்கிறது. ஒரு மணல் துணிக்கை அதன் இருக்கையில் சிக்கினால் போதும், தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து இறங்கும். நாளில் மூன்று தடவை மோட்டர் ஓடும் வீட்டில் இது வெளியே தெரியாமலும் இருக்கலாம். பத்து மணித்தியாலம் மின்சாரம் நின்றால் குழாய் முழுவதும் வடிந்துவிடும். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் தானியங்கி ஆளி மோட்டரை இயக்கும். பம்பி வெறும் வளியில் சுழன்று, தண்ணீரால் குளிர வேண்டிய சீல் கருகும். விடியும்போது கையில் இருப்பது பழுதுபார்க்கும் செலவு.

வேறொரு குறை இன்னும் சூழ்ச்சியானது. உறிஞ்சு குழாயின் மூட்டில் வெடிப்பு இருந்தால், பம்பி ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, வளிதான் உள்ளே போகும். கண்ணுக்கு எதுவும் படாது. மோட்டர் ஓடும்போது மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபட்டால் கள்ளன் அங்கேதான். பம்பியை நிறுத்தி வார்த்த தண்ணீர் நிற்காமல் இறங்கினால் புட் வால்வைப் பாருங்கள். புதிய மோட்டர் வாங்கச் சொல்கிறவரிடம் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வாளி போதும். ஒரு மனிதன் புகக்கூடிய அளவு குழாயுள்ள இறைப்பு நிலையத்தில் வாளி எந்த மூலைக்கு? அந்தப் பருமனுக்குப் புட் வால்வ் போட்டாலும் குப்பை சிக்கும், ஓட்டம் தடைப்படும், வலுவும் வீணாகும். கொழும்பின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மாதம்பிட்டியிலும் உள்ள நிலையங்களிலிருந்துதான் நீண்ட குழாய்கள் வழியே கடலுக்குத் தள்ளப்படுகிறது. 2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி நாடாளுமன்ற வளாகமே மூழ்கிய பிறகு, 2012இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய வடிகால் திட்டத்திலும் பம்பிகள் முக்கிய இடம் பிடித்தன. வெள்ளம் ஏறும்போது பம்பி உடனே தண்ணீரைப் பிடிக்காவிட்டால் முதலில் நனைவது கால்வாய்க் கரையில் பலகை வீட்டில் இருப்பவர்கள். இப்படிப்பட்ட வேலைக்குப் பொறியியலாளர்களிடம் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பம்பியையே நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பது. மற்றது, உள்ளே இருக்கும் வளியை இன்னொரு பம்பியால் உறிஞ்சி எடுப்பது. அந்த இரண்டாவது பம்பி பெரும்பாலும் திரவ வளைய வெற்றிடப் பம்பி.

தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் வேகமாகச் சுற்றினால் நடுவில் குழி விழுந்து, திரவம் சுவரோடு ஏறும் அல்லவா? இந்தப் பம்பி அதே வேலையைத்தான் செய்கிறது. உருளைக் கூடு ஒன்றில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே சிறகுகள் கொண்ட சுழலி. சுழலி நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது, சூட்சுமமே அதுதான். சுற்றும்போது தண்ணீர் சுவரோடு வளையமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் சிறகுகளின் அடிவரை தண்ணீர் நிறைந்திருக்க, எதிர்ப்பக்கம் தண்ணீர் விலகி வெறுமை விழுகிறது. இரண்டு சிறகுகளுக்கு இடைப்பட்ட அறை, சுற்றின் ஒரு பாதியில் பெருத்து வளியை உள்ளே இழுக்கும். மறு பாதியில் சிறுத்து வெளியே தள்ளும். தண்ணீரே முசலமாக வேலை செய்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசாது. வளியோடு சேர்ந்து தண்ணீர் வந்து புகுந்தாலும் கெடாது. மற்றப் பல வெற்றிடப் பம்பிகளுக்கு அது நஞ்சு. ஜேர்மனியில் சீமென்ஸ்-ஷுக்கெர்ட் நிறுவனம் 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. அமெரிக்காவில் லூயிஸ் நாஷ் 1914இல் பெற்றார். இன்றும் காகித ஆலைகளில் ஈரத்தை உறிஞ்சுவது இதுவே. குளோரின் வாயுவை அமுக்கும்போது வளையம் தண்ணீரால் அல்ல, செறிந்த சல்பூரிக் அமிலத்தால் ஆனது.

இயக்கும் முறை எளிது. பெரிய பம்பியின் வெளிவாயில் வால்வை மூடி, அதன் தலைப்பகுதியிலிருந்து வெற்றிடப் பம்பியால் வளியை எடுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரிந்ததும் பெரிய மோட்டரை இயக்கி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். ஒரு வெற்றிடப் பம்பி வரிசையாக நிற்கும் பல பம்பிகளுக்குப் போதும்.

எங்கள் சூட்டுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. 30 பாகை செல்சியஸில் தண்ணீரின் ஆவியமுக்கம் சுமார் 42 மில்லிபார். அதைவிட ஆழமான வெற்றிடம் அந்தத் தண்ணீர் வளையத்தால் கிடைக்காது. ஐந்து மீற்றர் ஏற்றத்துக்கு அரை வளிமண்டலம் போதும் என்பதால் இறைப்பு வேலைக்கு இது இடைஞ்சல் இல்லை. ஆனால் வளையத் தண்ணீரை மாற்றாமல் சுற்றவிட்டால் அது சூடேறி வலு இறங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீரைப் போல வன்மையான நீரென்றால் சிறகுகளில் உப்புப் படியும். முக்கியமானது: வளியை எடுக்கும் இந்தப் பம்பிக்கும் தொடங்குவதற்குத் தண்ணீர் வேண்டும்.

நல்ல வெற்றிடப் பம்பி இருந்தால் ஆழக் கிணற்றிலிருந்தும் மேலே நின்று இறைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வளிமண்டலம் தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம் முழு வெற்றிடத்திலும் 10.3 மீற்றர்தான். உராய்வும் ஆவியும் கழிய, நடைமுறையில் ஆறேழு மீற்றர்.

இந்த எல்லைதான் ஊரில் உயிர்களை எடுக்கிறது. தண்ணீர் ஆழத்தில் இருப்பதால் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி, தட்டிலோ பலகையிலோ வைத்து ஓட்டுகிறார்கள். மீள்குடியேறியவர்கள் ஆண்டுக்கணக்காகக் கைவிடப்பட்ட கிணறுகளைத் துப்புரவாக்கும்போதும் இதே வழியைத்தான் நாடுகிறார்கள். எஞ்சின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. கிணற்றுக்குள் காற்றோட்டமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவர் அடுத்து விழுவார். எஞ்சினை நிறுத்தினாலும் வாயு உடனே வெளியேறாது. யாராவது உள்ளே மயங்கினால், மூச்சுக் கருவி உள்ளவர்கள் வரும்வரை இன்னொருவர் இறங்கக் கூடாது. இடுப்பில் முன்கூட்டியே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுக்கலாம். மின்சாரம் உள்ள இடத்தில் நீரில் மூழ்கும் மின்பம்பியை இறக்கலாம். அதற்குத் தண்ணீரும் வார்க்கத் தேவையில்லை. ஆள் கிணற்றுக்குள் நிற்கும்போது மட்டும் அதன் மின்சாரத்தைத் துண்டித்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் எஞ்சின் கட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், அதன் புகைக்குழாய் கிணற்றுக்கு எதிர்த்திசையைப் பார்த்தபடி. அதன் எட்டுக்குக் கீழே உள்ள தண்ணீருக்குக் கப்பியும் வாளியும்.