செம்பியன் மாதேவியார் பிறந்த குடி

நமக்குத் தெற்கே கிடக்கும் நிக்கோபார்த் தீவுகளுக்கு மாநக்கவாரம் என்றொரு பழம்பெயர் உண்டென்பதும், அப்பெயர் முதலாம் இராசேந்திர சோழனது மெய்க்கீர்த்தியில் காணப்பெறுகிறது என்பதும் சங்க அன்பர்கள் பலரும் அறிந்தவையே. கடல் கடந்து படை செலுத்திய அவ்வேந்தனுக்குக் கொள்ளுப்பாட்டி முறையினரான ஓர் அம்மையாரின் பிறந்த வீட்டைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகுந்த வீட்டைப் பற்றி ஐயம் சிறிதும் இல்லை. முதற் பராந்தகனின் மைந்தரும், தில்லைக் கூத்தனைத் திருவிசைப்பாவாற் பாடியவருமான கண்டராதித்தரே அம்மையாரின் கணவர். பின்னாளில் 985 வரை அரசாண்ட உத்தம சோழர் மகன். கி. பி. 957 அளவில் கணவரை இழந்த அம்மையார், அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருநல்லம் எனப்பெற்ற கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் காட்சியையும் அங்கே செதுக்கச் செய்தார்.

பிறந்த வீட்டைத் தேடும்போதுதான் இடர் தொடங்குகிறது. செம்பியன் மாதேவி என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. செம்பியன் என்றால் சோழன்; மாதேவி என்றால் பெருந்தேவி. கணவன் குடியைச் சுட்டும் பட்டமே பெயராக நிலைத்துவிட்டது! அப்பட்டத்தைத் தாங்கிய அரசியர் வேறு சிலரும் உளர். ஆகையால் ஆராய்ச்சியாளர் பெயரை நம்பாமல் உறவைப் பற்றிக்கொண்டு நடக்கின்றனர். மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தம சோழரை ஈன்றவர் என மூன்று உறவுகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பின்னிரண்டும் ஆளை அடையாளம் காட்டுகின்றன. முதலாவது ஒன்றே பிறந்த குடிக்கு வழி காட்டுகிறது.

மழவரையர் என்பதும் பட்டமே. காவிரிக்கு வடக்கே, இன்றைய திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதிகளிற் பரந்திருந்த மழநாட்டுத் தலைவர்கள் அதனைத் தாங்கினர். சங்கப் பாடல்களிற் போர்மறவராகக் காணப்பெறும் மழவரே இவர்தம் முன்னோர் என்பர். சோழர் இத்தகைய குறுநிலத் தலைவர் வீடுகளிற் பெண் கொண்டது அன்பினால் மட்டுமன்று, அரசியல் துணைக்காகவும் என்பது என் கருத்து. இராசராசனின் தாயார் வானவன் மாதேவியும் மலையமான் குடியிற் பிறந்தவர் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டினால் அறிகிறோம். சோழர் செப்பேடுகளோ தந்தை, மகன், பேரன் என்று ஆண்வழியைத்தான் விரித்துரைக்கின்றன. பெண்வழி அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தலைகாட்டும்.

இங்கே ஒரு செய்தி என் மனத்தை வருத்துகிறது. திருக்கோடிக்காவிற் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது, அங்குக் கிடந்த பழங்கற்களிலிருந்த சாசனங்கள் அழிந்துபோகாவண்ணம், அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தவர் இவ்வம்மையார். இது ஒரு பழங்கற்படி என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. யாரோ முன்னோர் விளக்கெரிக்க அளித்த கொடையைக்கூடக் காத்துத் தந்தவருக்குத் தம் இயற்பெயரை ஒரு மூலையிற் பொறித்துவைக்கத் தோன்றவில்லை!

மனைவியின் பெயருக்கு நேரே கணவன் பெயரை எழுதும் படிவங்களோடு பழகிய எழுத்தனாகிய எனக்கு இது வியப்பன்று. தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் பயணத்திற்கு இடம் பதிய வரும் நம்மவரிடம், பாட்டனார் எவ்வூரினர் என்றால் உடனே விடை வரும். பாட்டியார் பிறந்த ஊர் எது என்றால், பக்கத்தில் நிற்கும் தாயாரைத்தான் பார்ப்பார்கள். இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டத்திற் குடியேறிய குடும்பங்களில், மூன்று கடற்கரைகளைக் கண்ட அத்தகைய பாட்டிமார் எத்தனை பேர்!

நாகப்பட்டினம் மாவட்டத்தில் அம்மையார் பெயராலேயே செம்பியன் மாதேவி என்றோர் ஊர் உள்ளது. அவர் பிறந்த கேட்டை நாளில் அவ்வூர்க் கயிலாசநாதர் கோயிலிற் சிறப்பு வழிபாடு நிகழும்படி, உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்துள்ளனர். வெவ்வேறு குடிகளிலிருந்து வந்த மருமக்கள் மாமியாரின் பிறந்தநாளைக் கல்லில் ஏற்றியிருக்கின்றனர். தந்தையின் பட்டமும் இந்த நாள்மீனுமே பிறந்த வீட்டிலிருந்து அவரோடு வந்து இன்றும் நம் கைக்கு எட்டுபவை. பின்னர் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலில் அம்மையாரின் திருவுருவமும் எழுந்தருளுவிக்கப்பெற்றது.