அடைக்கலப்பட்டணத்தின் வாசலில்: வாகன விபத்தும் விசுவாசியின் கடமையும்

மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் உள்ள நமது தமிழ்ச் சபைகளில், புதிதாக வாகனம் வாங்கிய குடும்பத்தார் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் போதகரை வாசலுக்கு அழைத்துச் சென்று ஜெபிக்கச் சொல்வது வழக்கம். பிறர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கும் வேளையில், நாம் வாகனத்தின்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறோம். பின்கண்ணாடியில் வசனம் ஒட்டுகிறோம். ஊருக்குப் புறப்படும்போது ஜெபிக்காமல் சாவியைத் திருப்புவதில்லை. நல்ல பழக்கம். ஆனால், அதே வாகனத்தின் காப்பீட்டுப் பத்திரம் எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. விபத்து நேர்ந்தால் முதலில் எங்கே செல்ல வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும், எதில் கையெழுத்திடலாகாது என்பதை அறிந்தோர் அதனினும் சிலரே.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். ஒரு நாளைக்கு 460 பேருக்கும் அதிகம். சாட்சி நேரத்தில் விபத்திலிருந்து தப்புவிக்கப்பட்டவர்களின் குரலை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிறரை இடித்துவிட்ட ஓட்டுநரின் குரல் அங்கே கேட்பதில்லை. அவரும் நமது சபையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

விபத்து நேர்ந்த வீட்டில் ‘சத்துருவின் போராட்டம்’ என்ற சொல் எளிதாக எழும்புகிறது. ஆவிக்குரிய போராட்டம் உண்டென்பதை நாம் மறுப்பதில்லை. ஆயினும் தேய்ந்த டயரை மாதக்கணக்கில் மாற்றாதிருந்ததும், முழு இரவு ஜெபம் முடிந்த விடியற்காலையில் கண் அயர ஓட்டியதும், கைப்பேசியில் பேசிக்கொண்டே திரும்பியதும் சத்துருவின் கணக்கில் எழுதத்தக்கவை அல்ல. மோசேயின் நியாயப்பிரமாணம் இவ்விடத்தில் மிகத் தெளிவாகப் பேசுகிறது. முட்டுகிற மாடென்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிக் காவாதவன் பொறுப்பாளியாகிறான் (யாத்திராகமம் 21:29). குழியை மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மிருகத்திற்கு ஈடு கொடுக்கிறான் (21:33,34). முட்களில் பற்றிய தீ அயலானுடைய விளைச்சலை எரித்தால், தீயை மூட்டியவன் அதற்கு ஈடு செய்ய வேண்டும் (22:6). அவனுக்குத் தீய எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே அங்கு இல்லை. சண்டையில் காயப்பட்டவனுக்கு வைத்தியச் செலவோடு, வேலையிழந்த நாட்களின் நஷ்டத்தையும் கொடுக்க வேண்டும் என்று அதே அதிகாரம் கூறுகிறது (21:19). இன்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காயமுற்றவருக்குக் கணக்கிடும் இனங்களில் இவ்விரண்டும் உண்டு.

காப்பீடு எடுப்பது அவிசுவாசம் என்று எண்ணும் பெரியோர் இன்னும் சில சபைகளில் இருக்கிறார்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்ற உபாகமம் 22:8-ஐ அவர்கள் நினைவுகூர வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் அத்தகையதே. நம் வாகனத்தால் அடிபடும் முகமறியாத மனிதனுக்காகவே மோட்டார் வாகனச் சட்டம், 1988 அதைக் கட்டாயமாக்கியுள்ளது. நமக்காக விசுவாசிக்கலாம், அவனுடைய மருத்துவமனைச் செலவை யார் கட்டுவது?

விபத்தின் முதல் சில நிமிடங்களில் மனிதனுக்குத் தோன்றுவது ஒன்றே: ஓடிவிட வேண்டும். நம் நகரங்களில் இந்தப் பயம் ஆதாரமற்றதன்று. மொழி தெரியாத இடத்தில், வெளிமாநிலத்தவன் என்று தெரிந்தவுடன் கூட்டம் அடிக்கக் கையோங்குவதுண்டு. சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் 134-ஆம் பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமற்போகும் நிலையை விலக்காக ஏற்கிறது. ஆனால் அதே பிரிவு, சம்பவத்தையும் உதவி செய்ய இயலாமற்போன காரணத்தையும் மிக விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

உபாகமம் 19-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விறகு வெட்டுகையில் கோடரி காம்பைவிட்டுக் கழன்று பிறன்மேல் பட்டு அவன் மரித்தால், வெட்டியவன் அடைக்கலப்பட்டணத்திற்கு ஓடலாம். கேதேஸ், சீகேம், எப்ரோன், பேசேர், ராமோத், கோலான் என ஆறு பட்டணங்கள் அதற்கென்றே குறிக்கப்பட்டன. அங்கே ஓடி வந்தவன் ஒளிந்துகொள்ள முடியாது. பட்டணத்தின் வாசலில் நின்று, மூப்பரிடம் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும் (யோசுவா 20:4). கூட்டத்திற்குத் தப்பி ஓடுவது வேறு. பொறுப்புக்குத் தப்பி ஓடுவது வேறு. இன்றைய ஓட்டுநருக்கு அந்த வாசல் காவல் நிலையம். 112-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வேண்டுமென்றும், தாம் இன்ன நிலையத்திற்குச் செல்வதாகவும் சொல்லிவிட்டுப் புறப்பட்டால் அந்த அழைப்பே ஒரு பதிவாகிவிடும்.

ஓடி மறைவதால் யார் நஷ்டப்படுகிறார் என்பதை எண்களில் பார்ப்போம். 32 வயதுத் தச்சர். மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம். மனைவியும் இரு பிள்ளைகளும் அவரை நம்பியிருக்கின்றனர். அவர்மேல் தவறில்லாத ஒரு விபத்தில் அவர் இறந்துபோகிறார். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலாளி என்பதால் வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்க்கப்படும், 21,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்க, 14,000. ஆண்டுக்கு 1,68,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. ஆக 26,88,000 ரூபாய். அடக்கச் செலவு முதலியன இதற்கு மேல். வாகனத்திற்குச் செல்லுபடியாகும் காப்பீடு இருந்தால் இத்தொகை காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும். ஓட்டியவரின் வீட்டை விற்க வேண்டியதில்லை. இடித்த வாகனம் இன்னதென்றே தெரியாமற்போனால்? 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திட்டப்படி மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000. அவ்வளவே. ஓட்டுநர் ஓடியதால் அந்த விதவையின் கையிலிருந்து ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் பறிபோகிறது. இதை அறிந்தபின்னும் ஓடுகிறவர் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டாதிருப்பது நலம். சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு வண்டி எண்ணைவிட அதுதான் நினைவில் நிற்கும்.

வழக்கைக் குறித்த பயமும் அளவுக்கு மிஞ்சியது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 5 ஆண்டுகள் வரை தண்டனைக்குரியது. ஆயினும் ஜாமீனில் விடத்தக்க குற்றம்.

ஓடுவதற்கு அடுத்த சோதனை ஆள்மாறாட்டம். ஓட்டியது உரிமம் பெறாத மகன். காவல் நிலையத்தில் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று நிற்பவர் தகப்பன். இதைத் தியாகமாகக் கருதி ஆலோசனை சொல்லும் உறவினர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பொய் வாக்குமூலம் தனிக் குற்றமாகிறது. சாலையோரக் கடைகளின் கேமராக்கள் உண்மையைச் சொல்லிவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கை முழுவதும் ஐயத்திற்குள்ளாகும். உண்மையைச் சொன்னாலும் விலையுண்டு, அதை மறைக்கலாகாது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லையெனில், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளையெனில், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். சாவியைக் கொடுக்கும் வேளையில் இதை யோசிக்கும் பெற்றோர் குறைவு.

உண்மை சொல்வதற்கும், கேட்ட காகிதத்திலெல்லாம் கையெழுத்திடுவதற்கும் வேறுபாடு உண்டு. ‘எல்லாச் செலவையும் நானே ஏற்கிறேன்’ என்று சாலையோரத்தில் எழுதிக் கொடுப்பது தாழ்மையாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனத்தின் எழுத்துமூல சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்பதோ பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது பாலிசியின் வழக்கமான நிபந்தனை. அதை மீறினால் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டாகும். கடைசியில் அடிபட்டவருக்கே நஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வேகத்தில் வந்தீர்கள், எங்கே திரும்பினீர்கள், சிக்னல் என்ன நிறத்தில் இருந்தது? தவறின் பங்கைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. இரு தரப்பிலும் கவனக்குறைவு இருந்தால் அதை விழுக்காடாகப் பிரிப்பதும் அதன் பொறுப்பே. மருத்துவமனைக்குச் சென்று காயமுற்றவரைப் பார்ப்பதையும், அவருக்காக ஜெபிப்பதையும் எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை.

மும்பையில் பஞ்சநாமா மராத்தியில் எழுதப்படும்; பெங்களூரில் மகஜர் கன்னடத்தில். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடுமுன், மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கக் கேளுங்கள். சபையில் அங்கேயே பிறந்து படித்த வாலிபர்கள் இருக்கிறார்கள். இதற்கு அவர்களை அழைக்கலாம். புகார் கொடுத்தவருக்கு அதை வாசித்துக் காட்டவும், எஃப்.ஐ.ஆர். பிரதியை இலவசமாகக் கொடுக்கவும் காவலர் கடமைப்பட்டவர். வண்டிகளை அகற்றுமுன் எண்பலகை, சக்கரத்தின் தடம், சாலையின் நிலை ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கு அன்றே தெரிவியுங்கள். பாலிசி எண், நாள், நேரம், இடம், காயமுற்றோர் விவரம், ஓட்டியவரின் பெயரும் உரிம விவரமும் எழுத்தில் தரப்பட வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் கோரிக்கை சிக்கலாகும். சிறு கீறலுக்குக் கோரிக்கை வைத்து, 20 முதல் 50 விழுக்காடு வரை சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸை இழப்பது லாபமா என்றும் கணக்குப் பாருங்கள்.

சபைகள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு விசுவாசிகளின் சொந்தக் கார்களில் பலர் ஏறிச் செல்கிறோம். வெறும் மூன்றாம் நபர் பாலிசி, கட்டணமின்றி உடன் வருகிறவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பளிக்காது. இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கும் அதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் அந்தப் பாலிசியும் தனியார் வாகனத்தை வாடகைக்கு ஓட்டுவதை அனுமதிப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஆட்களை ஏற்றிச் சென்றால், ‘பெட்ரோல் செலவுக்குத்தான்’ என்ற விளக்கம் சர்வேயரிடம் எடுபடாமற்போகலாம். கூட்டங்களை ஏற்பாடு செய்யும் சகோதரர்கள் முறையான பெர்மிட் உள்ள வண்டியை அமர்த்துவதே சரி.

அடிபட்டவர் நம்மவராயின், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். வழிப்போக்கராக அவரைக் கொண்டு சேர்க்கும் ‘நல்ல சமாரியனுக்கு’ 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இழப்பீட்டு மனுவுக்கு 6 மாத எல்லை 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டது உண்மை. அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். மே மாத விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில் கிருஷ்ணகிரியிலோ சேலத்திலோ விபத்து நேர்ந்தாலும், மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டுமென்பதில்லை. நீங்கள் வசிக்கும் நகரத்தின் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். மருத்துவமனை வராந்தாவில் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகரை அனுப்பிவிடுங்கள். வருமானச் சான்றைத் தேடி வையுங்கள். கூலியை ரொக்கமாகவே வாங்கும் நம் சகோதரர்களுக்கு இது பெருங்குறை. மாதந்தோறும் சிறு தொகையேனும் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்திருந்தால் அந்தப் பாஸ்புத்தகமே பேசும்.

இறுதியாக, வாகனத்தை விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாதவரை, வாங்கியவர் செய்யும் விபத்துக்கும் பதிவிலுள்ள உரிமையாளரே இழப்பீட்டுப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவை சேர்ந்ததற்கான ரசீதை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் பெயர் மாறியதை உறுதி செய்தபின் ரயில் ஏறுங்கள்.