முற்றிய சிறுநீரக நோய்: முதியோருக்கான சிகிச்சைத் தெரிவுகள்

"டயாலிசிஸ் தேவைப்படலாம்" என்று மருத்துவர் கூறியவுடன், பெரும்பாலான குடும்பங்களில் எழும் முதல் கேள்வி "எப்போது தொடங்க வேண்டும்?" என்பதாகும். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு, அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. டயாலிசிஸ் இவருக்கு எந்த அளவு நன்மை தரும்? அதை இவர் விரும்புகிறாரா? இவ்விரண்டுக்கும் விடை காண உங்களுக்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

முற்றிய நிலை என்றால் என்ன?

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் திறனை இ.ஜி.எஃப்.ஆர். என்னும் அளவு காட்டுகிறது. இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவையும் வயதையும் பாலினத்தையும் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. இவ்வளவு 15 முதல் 29 வரை இருந்தால் நோய் நான்காம் நிலையில் உள்ளது; 15-க்குக் கீழ் சென்றால் ஐந்தாம் நிலை. இவ்விரண்டு நிலைகளையும் முற்றிய நோய் என்கிறோம்.

நான்காம் நிலையில் உள்ள முதியோர் அனைவரும் ஐந்தாம் நிலையை அடைவதில்லை. பலருக்கு நோய் மெதுவாகவே முன்னேறுகிறது. ஒரே ஒரு பரிசோதனை முடிவைக் கொண்டு அஞ்ச வேண்டாம். கடந்த பல மாதங்களின் முடிவுகளை வரிசைப்படுத்தி, எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது பேசத் தொடங்க வேண்டும்?

நான்காம் நிலையிலேயே பேசத் தொடங்குவது நல்லது. முன்கூட்டியே பேசாத குடும்பங்களில், ஒரு நாள் இரவில் மூச்சுத் திணறலுடன் முதியவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறார். கழுத்து நரம்பில் தற்காலிகக் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கப்படுகிறது. அந்நேரத்தில் அவரால் தெளிவாகப் பேச இயலுவதில்லை. மருத்துவமனை நடைபாதையில் நிற்கும் பிள்ளைகளே கையொப்பம் இடுகின்றனர். அவர் விரும்பிய சிகிச்சை எது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

இ.ஜி.எஃப்.ஆர். அளவு குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை. நோய்க்குறிகள், உடலில் நீர் தேங்குதல், பொட்டாசியம் அளவு ஆகியவற்றையும் கருதியே மருத்துவர் நேரத்தை முடிவு செய்வார். எனவே சிந்திக்க உங்களுக்குப் பெரும்பாலும் காலம் உண்டு.

நான்கு வழிகள்

1. இயந்திர டயாலிசிஸ் (ஹீமோடயாலிசிஸ்)

இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரித்து மீண்டும் உடலுக்குள் அனுப்பும் முறை இது. வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். சிலருக்கு வாரம் இரண்டு முறை செய்யப்படுகிறது. பயணம், காத்திருப்பு, அதன்பின் வரும் அயர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்தால், சிகிச்சை நாள் முழுவதும் அதற்கே செலவாகும். சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் குறைதல், தசைப்பிடிப்பு ஆகியவை முதியோரிடம் மிகுதி.

இதற்குக் கையில் ஃபிஸ்டுலா என்னும் சிறு அறுவைச் சிகிச்சை தேவை. அது பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். இம்முறையைத் தேர்ந்தெடுக்க எண்ணினால், வழக்கமாகப் பயன்படுத்தாத கையில் இரத்தம் எடுக்கவோ, ஊசி போடவோ இப்போதிருந்தே அனுமதிக்க வேண்டாம்.

2. வயிற்று வழி டயாலிசிஸ் (சி.ஏ.பி.டி.)

வயிற்றில் பொருத்தப்பட்ட மென்குழாய் வழியே திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்றும் முறை இது. வழக்கமாக நாள்தோறும் மூன்று அல்லது நான்கு முறை திரவம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆகலாம். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதால், மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்வோருக்கும் இதய பலவீனம் உள்ளோருக்கும் இது ஏற்றதாக அமையலாம். கைநடுக்கமோ பார்வைக் குறைவோ இருந்தால் வீட்டில் ஒருவர் பயிற்சி பெற்றுச் செய்ய வேண்டும். தூய்மையில் சிறு கவனக்குறைவும் வயிற்றினுள் தொற்றை உண்டாக்கும். வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை

வயது மட்டுமே இதற்குத் தடையன்று. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புப் பெறப் பதிவு செய்வதற்கு இருந்த 65 வயது உச்சவரம்பை மத்திய அரசு 2023-இல் நீக்கியது. எனினும் இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நிலை, புற்றுநோய், தொற்று ஆகியவை முதலில் ஆராயப்படும். வாழ்நாள் முழுவதும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். உடல் உறுதியுள்ள முதியோர் சிலருக்கே இது பொருந்தும்.

4. டயாலிசிஸ் இன்றித் தொடரும் முழுமையான மருத்துவப் பராமரிப்பு

"டயாலிசிஸ் வேண்டாம்" என்பதற்கு "சிகிச்சை வேண்டாம்" என்று பொருளன்று. இவ்வழியில் இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, நீர்த்தேக்கத்தைக் குறைக்கும் மருந்துகள், இரத்தசோகைக்கான ஊசிகள், இரத்தத்தில் அமிலம் மிகுவதற்கும் பொட்டாசியம் உயர்வதற்குமான மருந்துகள் ஆகிய அனைத்தும் தொடரும். அரிப்பு, குமட்டல், தூக்கமின்மை, மூச்சுத் திணறல், வலி ஆகியவற்றைத் தணிக்க நோய் ஆதரவுச் சிகிச்சையும் இணைக்கப்படும். சிறுநீரகத்தில் எஞ்சியுள்ள திறனைப் பொறுத்து, இவ்வழியில் சிலர் மாதக்கணக்கிலும் சிலர் ஆண்டுக்கணக்கிலும் வாழ்கின்றனர்.

டயாலிசிஸ் ஆயுளை நீட்டுமா?

பொதுவாக நீட்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அன்று. மிக முதிர்ந்த வயதுடன் கடுமையான இதய நோயும் பிற நோய்களும் உள்ளவர்களிடம் இந்த நன்மை வெகுவாகக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்து டயாலிசிஸ் தொடங்கியவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. ஓராண்டுக்குள் அவர்களில் 58 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்; தொடங்குவதற்கு முன்பிருந்த செயல்திறன் 13 விழுக்காட்டினரிடம் மட்டுமே நிலைத்திருந்தது. அவர்கள் ஏற்கெனவே பிறர் உதவியுடன் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தாமாக நடமாடி, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் எண்பது வயதினர் ஒருவருக்கு இவ்வெண்கள் பொருந்தா. அத்தகையோர் டயாலிசிஸுடன் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதும் உண்டு.

ஆகவே பிறந்த ஆண்டைக் காட்டிலும் சில கேள்விகள் முக்கியமானவை. தாமே குளித்து, உடுத்தி, உண்ண முடிகிறதா? கடந்த ஆறு மாதங்களில் விழுந்தது உண்டா? எடை குறைந்ததா? நினைவாற்றல் எப்படி? இதயம் எந்நிலையில் உள்ளது?

தொடங்கினால் நிறுத்த இயலாதா?

இயலும். முடிவெடுக்கத் தயக்கம் இருந்தால், ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை காலவரையறையுடன் டயாலிசிஸ் செய்து பார்க்கலாம். எது மேம்பட வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்து, அக்காலம் முடிந்ததும் மருத்துவருடன் அமர்ந்து மறுபரிசீலனை செய்யுங்கள்.

நிறுத்துவதன் விளைவையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சிறுநீர் பிரிவது ஏறத்தாழ நின்றுவிட்டவர்கள் டயாலிசிஸை நிறுத்தியபின், பெரும்பாலும் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் இறக்கின்றனர். அக்காலத்தில் துன்பமின்றி இருக்கத் தேவையான மருந்துகளும் கவனிப்பும் அளிக்கப்படும்.

தெளிந்த மனநிலையில் உள்ள ஒருவர் ஒரு சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ உரிமை உடையவர். பின்னாளில் பேச இயலாத நிலை வந்தால் பின்பற்ற வேண்டியதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. அதற்கான நடைமுறைகளை 2023-இல் எளிமையாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரின் சான்றொப்பம் பெற்றால் போதுமானது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. முதியவரை வெளியே இருக்கையில் அமர்த்திவிட்டு, மகனோ மகளோ மட்டும் உள்ளே வந்து, "அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்பர். அன்பினால் கூறுவது அது. ஆனால் வாரம் மூன்று நாள் ஊசி ஏற்கப்போகும் கை அவருடையது. நோயை மறைத்தாலும், வீட்டில் நிகழும் மாற்றங்களைக் கண்டு அவர் பெரும்பாலும் உணர்ந்தே இருப்பார். அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் அவருக்கு ஆள் இருக்காது.

அவரிடம் இவ்வாறு கேட்டுப் பாருங்கள்: "உங்கள் உடல்நிலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எது உங்களுக்கு முக்கியம்? எதை நினைத்தால் அச்சமாக இருக்கிறது?" பேத்தியின் திருமணத்தைக் காண வேண்டும் என்று ஒருவர் கூறலாம். தம் வீட்டுத் திண்ணையை விட்டு எங்கும் போக வேண்டாம் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டும் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் மருத்துவத் தகவல்களே.

டயாலிசிஸ் வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்தால், "நாம் கைவிட்டுவிட்டோமோ" என்ற குற்றவுணர்வு உங்களுக்கு எழலாம். உறவினர்களும் அவ்வாறு பேசலாம். அவருடைய விருப்பத்தைக் கேட்டு, அதன்படி அருகிலிருந்து பராமரிப்பது கைவிடுதல் ஆகாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• டயாலிசிஸ் செய்தால், செய்யாவிட்டால், அடுத்த ஓராண்டு எப்படி இருக்கக்கூடும்?
• இவருடைய பிற நோய்கள் இம்முடிவை எவ்வாறு பாதிக்கின்றன?
• வாரந்தோறும் எத்தனை பயணங்கள்? துணைக்கு யார் வர வேண்டும்?
• நோய்க்குறிகள் மிகுந்தால் வீட்டில் என்ன செய்வது, யாரை அழைப்பது?

எவ்வழியைத் தேர்ந்தாலும் கவனிக்க வேண்டியவை

• மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம்.
• சிறுநீரகத் திறன் குறையும்போது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கும். சர்க்கரை திடீரெனத் தாழலாம். மருந்தளவை மருத்துவரிடம் சரிபார்க்கவும்.
• ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்கவும். சோடியம் குறைந்த உப்பு எனக் கடைகளில் விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பதால் அதுவும் வேண்டாம்.
• பொட்டாசியம் உயர்ந்துள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும். நட்சத்திரப் பழத்தை இந்நோயாளிகள் எவரும் உண்ணக் கூடாது.
• மூச்சுத் திணறல், மார்பு வலி, வலிப்பு, மனக்குழப்பம், கைகால்கள் திடீரெனத் தளர்தல் ஆகியவை தோன்றினால் 108-ஐ அழைக்கவும்.

அரசின் உதவிகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் வசதி உள்ளது. தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்ப் பயன்பெறலாம். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, சி.ஏ.பி.டி. திரவப் பைகளும் நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. விவரங்களுக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ 104 என்ற எண்ணையோ அணுகவும்.

இங்குள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரே வழங்க இயலும். அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது பழைய பரிசோதனை அறிக்கைகளுடன் செல்லுங்கள். முதியவரையும் உள்ளே அழைத்துச் சென்று, மருத்துவரின் எதிரில் உள்ள இருக்கையில் அவரை அமரச் செய்யுங்கள்.