மேசை மீதொரு ஜாகுவார்

பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தி மாதிரி மோட்டார்க் கார் செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டென எண்ணுவோர் பலர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற விடுமுறையில் எமது மருமகன் ஒரு பெட்டியுடன் வந்து, "மாமா, இதை ரெண்டு பேருமாச் செய்வம்" என்றபோது, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலையென்று வாக்குக் கொடுத்தோம். முடிய ஐந்து வாரங்கள் சென்றன.

பெட்டியில் இருந்தது ஜாகுவார் 'ஈ' வகைக் கார். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா நகரில் இக்கார் முதன்முறையாகக் காட்சிக்கு வந்தபோது, ஏறிப் பார்க்க விரும்பியோர் தொகை மிகுந்தமையால் கொண்டுவந்த கார் போதவில்லை. இங்கிலாந்தில் கொவென்ரி நகரிலிருந்த தொழிற்சாலைக்குச் செய்தி பறந்தது. பரிசோதனை ஓட்டியான நோர்மன் டூயிஸ் என்பார் இன்னொரு காரை ஒரே இரவில் ஓட்டிச் சென்று காலையில் ஜெனீவா சேர்ந்தார். மணிக்கு 150 மைல் ஓடுமெனச் சொல்லப்பட்ட அக்காரின் விலை, வரி உட்பட, ஏறக்குறைய 2,100 பவுண். அதற்கு நிகரான வேகமுடைய வேறு சில கார்கள் அதனைப்போல் இருமடங்கு விலைக்கு விற்ற காலம் அது.

காரின் உருவத்தை வகுத்தவர் மால்கம் செயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆகாயவிமானத் தொழிற்சாலையிற் பணிபுரிந்தவர். காற்று எவ்வாறு வழுக்கிச் செல்லும் என்பதைக் கணக்கிட்டு வளைவுகளை அமைத்தார். நீண்ட மூக்கும் குறுகிய வாலும் கொண்ட அவ்வடிவில் நேர்கோடொன்றைக் காண்பது அரிது. 1996இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை இவ்வகைக் கார் ஒன்றைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது.

எமது மாதிரியின் அளவுத்திட்டம் இருபத்து நான்கில் ஒன்று. அஃதாவது, உண்மைக் காரின் ஓர் அடிக்கு மாதிரியில் அரை அங்குலம். பதினான்கரை அடி நீளமான கார் ஏழங்குலத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கி விடுகிறது. கணிதம் கற்கும் மாணவர் இவ்விடத்திற் சிறிது நின்று சிந்திக்கலாம். நீளம் சுருங்கும், நாம் பூசும் வர்ணமோ சுருங்காது. மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்பாக வர்ணம் பூசினால், அது உண்மைக் காரின் மீது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பாகச் சாந்து அப்பியதற்கு ஒப்பாகும். கதவின் இடுக்குகள் யாவும் மூடுண்டு போகும். ஆதலால் மென்பூச்சாகப் பலமுறை தெளித்தல் வேண்டும்.

துண்டுகள் யாவும் காய்கள் காம்பில் தொங்குவதுபோல் ஒரு சட்டத்தில் ஒட்டியிருந்தன. அவற்றைச் சவர்க்கார நீரிற் கழுவுதல் முதல் வேலை. அச்சிலிருந்து எளிதிற் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை மீந்திருந்தால் வர்ணம் பிடியாது. பின்னர் கையால் முறிக்காது நகவெட்டியால் வெட்டி, காம்பின் அடையாளத்தை அரத்தாளால் தேய்த்தோம். ஒட்டும் திரவம் நாம் பள்ளியில் அறிந்த பசையன்று; பிளாஸ்டிக்கையே இளக்கி, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுவது. தூரிகை நுனியால் இடுக்கிலே தொட்டால் தானாகவே உள்ளே ஓடும். தவறாக ஒட்டியதைப் பிரித்தெடுத்தல் பெரும்பாலும் இயலாது.

அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் துண்டின்மேல் ஒரு மெல்லிய வரம்பு விழும். அதைத் தேய்த்து நீக்காவிடில் வர்ணம் பூசியபின் தழும்புபோல் தெரியும். இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் நாம் அரத்தாளை விடவேயில்லை. பொனெட்டின் இடப்புறத்தில் நெடுக ஓடிய ஒரு வரம்பைக் கண்டு, நீரிற் தோய்த்த தாளால் வழுவழுவென்று தேய்த்து முடித்தோம். வலப்புறத்துக்குக் கை சென்ற வேளையில், புத்தகத்தில் உண்மைக் காரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் எழுந்தான்.

"மாமா, அந்தக் கோடு காரிலேயும் இருக்குது."

இருக்கத்தான் செய்தது. இக்காரின் பொனெட், முன் சில்லுகளை மூடும் பகுதியுடன் சேர்ந்து முழுதாக முன்புறம் சாய்ந்து திறப்பது. அத்துணைப் பெரிய உருவை ஒரே தகட்டில் அமைக்கவில்லை; நடுத்துண்டும் பக்கத்துண்டுகளும் வெவ்வேறாகச் செய்து பிணைத்தனர். அப்பொருத்தின்மேல் ஓடுவதே அந்த வரம்பு. அச்சின் குறையென நாம் அழித்தது காரின் உறுப்பை! பையன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூடியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தான். மூன்று நாள் மேசைப் பக்கம் வரவுமில்லை. அவன் நெடுநாள் காசு சேர்த்து வாங்கியது அது என்பதைப் பின்னரே தமக்கையார் எமக்குச் சொன்னார்.

வழி ஒன்று உண்டெனப் படித்தறிந்தோம். எஞ்சிய சட்டத்துண்டை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டினால் அது இளகும். சுடரிலிருந்து அகற்றி இரு முனைகளையும் சீராக இழுத்தால் மயிரிழை போல் நீளும். இழுக்கும் வேகமே இழையின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. (சிறுவர் இதனைத் தனியே செய்தலாகாது, எமது விரலொன்றும் சுட்டது.) நாலாம் நாள் மருமகனை அழைத்து அவன் கையிலேயே துண்டைக் கொடுத்தோம். எமது இழைகள் முறிந்தன. அவனுடைய மூன்றாவது இழை ஒரு முழ நீளம் வந்தது. அதனைச் சாமணத்தாற் பிடித்துப் பொனெட்டின் வளைவோடு கிடத்தினோம். திரவம் ஒரு துளி மிகுந்தாலும் இழை கரைந்துவிடும் ஆதலால் அரைமணி நேரம் இருவரும் பேசவில்லை.

மற்றையவை பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரும்பச்சை வர்ணத்தை மழைநாளிற் தெளித்துவிட்டு, ஈரக்காற்றால் வெண்படலம் படர்ந்ததைத் தேய்த்து மீண்டும் பூசினோம். விளக்குகளின் கண்ணாடி மூடிகளுக்குத் தச்சரின் வெண்பசையே தக்கது; மற்றைப் பசைகள் கண்ணாடியை மங்கச் செய்யும். சில்லு ஒன்றுக்கு 72 ஆரக்கம்பிகள். உண்மை அளவிற் சுருக்கினால் அவை மிக மெல்லியனவாகும். அச்சில் வார்த்தவை அதனிலும் பன்மடங்கு தடித்தவை. கறுப்புச் சாயத்தை இடையிலே ஓடவிட்டு, கம்பிகளின் முகட்டுக்கு மட்டும் வெள்ளிப் பூச்சிட்டால் கண் ஏமாந்துவிடும்.

கார் இப்பொழுது அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது. புதிய இழை, இடது விளக்கின் அருகே சற்று வளைந்துதான் போயிற்று. சென்ற வாரம் நாம் அங்கு போனபோது காரின் இடப்பக்கம் சுவரை நோக்கியிருந்தது. அவ்வாறு வைத்தவன் மருமகன். நாம் ஒன்றும் கேட்கவில்லை.